காரணம் சொல்லாமல்

என் ஓரகத்தி வீட்டு ஜன்னலைத் திறந்தால் பெரியகுளம் வரைக்கும் தெரியும். மழை விட்ட நாளில் வைகை அணைத் தண்ணீர்கூடப் பளபளக்கும். என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அவள் வீட்டுப் பின்சுவர் தெரியும். மாமனாரின் இடத்தை அண்ணன் தம்பி இருவரும் சீட்டுக் குலுக்கிப் பிரித்தபோது சரிவின் விளிம்புப் பக்கம் தம்பிக்குப் போனது. அவர்கள் மாடி எடுத்ததும் எனக்கு மிஞ்சியிருந்த கொஞ்சநஞ்ச மலையும் போயிற்று. இதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. மனசுக்குள் மட்டும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருவருமே ஹோம்ஸ்டே நடத்துகிறோம், ஆளுக்கு இரண்டு அறை. இரண்டு வீடும் ஒரே புக்கிங் ஆப்பில்தான் இருந்தன. அவள் அறைகள் நிறைந்துவிட்டால் மிச்சப் பேரை எனக்கு அனுப்புவாள், எனக்கு நிறைந்தால் நான் அவளுக்கு. கொடைக்கானலில் அக்கம்பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான். ஆனால் நான் அவளுக்கு அனுப்பிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாதி நாள் அவள் தள்ளிவிட்ட ஆட்கள்தான் என் கட்டிலில் படுத்தார்கள். அது எனக்குச் சோறு போட்டது, எரியவும் வைத்தது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். அவர்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போனபோது, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம் சாவியைக் கொடுத்திருந்தார்கள். தண்ணீரும் ஊற்றினேன். அப்படியே அவள் ஜன்னலில் நின்று பள்ளத்தாக்கைப் படம் பிடித்து, ஆப்பில் என் வீட்டுக்கு முதல் படமாகப் போட்டுவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பனிதான் இதற்குத் தைரியம் கொடுத்தது. வந்தவர்கள் ஜன்னலைத் திறந்தால் ஒரே வெள்ளையாக இருக்கும். "இன்னைக்குப் பனி ஜாஸ்திங்க, நாளைக்குத் தெரியும்" என்பேன். பனிக்குப் பின்னால் இருப்பது பள்ளத்தாக்கா சுவரா என்று யாருக்குத் தெரியும்? காட்சியைப் பார்க்கத் தங்களுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள்கூட உண்டு. வெயில் மாதங்களில் அந்தப் படத்தை எடுத்துவிடுவேன், பனி இறங்கியதும் திரும்பப் போடுவேன். ஐப்பசியில் ஒருநாள் காலை பனி என்னைக் கேட்காமல் விலகியது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த கணவன் மனைவி இருவரும் ஜன்னலில் நின்று, சுவரோரக் கொடியில் காய்ந்த என் கொழுந்தனாரின் பனியன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனார்கள்.

ஒரு வாரம் கழித்து மெயில் வந்தது. உங்கள் கணக்கு முடிக்கப்பட்டது. எந்த நேரத்திலும், காரணம் சொல்லியோ சொல்லாமலோ, முன்னறிவிப்பு இன்றியும் கணக்கை முடிக்க நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. நீங்கள் சேரும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனை இது. அவ்வளவுதான். ஆறு வருஷமாக விருந்தாளிகள் எழுதிவைத்த நல்ல வார்த்தைகள் எல்லாம் ஒரே காலையில் மாயமாகிவிட்டன. ஆப்பில் இல்லாத வீட்டைத் தேடி இந்தக் குளிரில் யார் வருவார்கள்? எனக்கென்று இருந்த ஒரே சோலி அதுதான்.

கோயம்புத்தூர்க்காரர்கள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கணக்கு அப்படியே இருந்தது, அவள் வாசலில் எப்போதும்போல இரண்டு கார் நின்றன. போட்டுக்கொடுத்தவள் இவள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே எப்போதும் திறந்தே கிடக்கிற சின்னக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். போனில் அவள் நம்பரை பிளாக் செய்தேன். என்ன ஏதென்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கணக்கை மீட்க ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். மேல்மலையில் போளூர்ப் பக்கத்துக்காரர், கோர்ட்டுக்கு எதிரே மாடியில் ஆபீஸ். மெயிலை இரண்டு தடவை படித்தார்.

"நாந்தான் ஓகேன்னு அமுக்கிட்டேனே மேடம், இனிமே என்ன செய்ய முடியும்?" என்றேன்.

"அமுக்கிட்டா எல்லாமே செல்லும்னு இல்லைங்க. ஒரு பக்கத்துக்கு மட்டும் கத்தியைக் கொடுக்கிற ஷரத்தைச் சட்டம் சும்மா விடாது. நியாயமான காரணம் இல்லாம ஒருதலைப்பட்சமா முடிச்சுக்கலாம்னு எழுதினா, அது நியாயமில்லாத ஒப்பந்தம்னு நுகர்வோர் சட்டத்துலயே இருக்கு. ஆனா நீங்க நுகர்வோரே இல்லை, வியாபாரம் பண்றவங்கன்னு அவங்க சொல்வாங்க. சொந்தப் பொழப்புக்காக நீங்களே நடத்துறீங்கன்னு நாம சொல்லணும். மாநில நுகர்வோர் ஆணையத்தோட பெஞ்சு மதுரையிலதான், அங்க அலைய வேண்டியிருக்கும். ஜெயிச்சிருவோம்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா நல்ல கேஸ்." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "உங்க பக்கம் ஏதும் தப்பு இருக்கா?"

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

நோட்டீஸ் அனுப்பினோம், பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து மனு தயாரானது. வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டு வரச் சொன்னார். பஸ்ஸில் படித்தேன். கணக்கை முடிக்கக் காரணம் என்று கருதத்தக்க எந்தச் செயலையும் மனுதாரர் செய்யவில்லை என்று ஒரு வரி இருந்தது, அதற்குக் கீழே நான் உண்மை என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட இடம்.

வீட்டருகே இறங்கினால் ஓரகத்தி பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். எனக்காகத்தான் நின்றிருக்கிறாள்.

"அக்கா, கேஸ் போடப் போறீங்களாம், உங்க வீட்டு அத்தான் சொன்னாக. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிப்புடுறேன். ஐப்பசியில ஆப்புல இருந்து எனக்குப் போன் வந்துச்சு. அந்தப் படம் எந்த வீட்டு ஜன்னல்னு கேட்டாங்க. ஒரே குடும்பம், எங்க ரெண்டு பேருக்கும் பொதுவான ஜன்னல்தான்னு சொன்னேன். எடுபடலை போல. உங்க கணக்கு போச்சுன்னு தெரிஞ்சதும் உங்ககிட்டச் சொல்லலாம்னு போன் போட்டேன், போகலை."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். நன்றி வந்திருக்க வேண்டிய இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது. இந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே போய்ச் சேர வேண்டுமா?

"காரணம் சொல்லாம முடிச்சா தப்புன்னு கேஸ் போடுறீங்க. நியாயம்தான்க்கா, போடுங்க" என்றாள். கேட்டின் பூட்டைத் தொட்டுக் காட்டினாள். "எங்கூட ஏன் பேச்சை நிறுத்துனீங்க? அதை யாருக்கு நோட்டீஸ் விட்டு நான் கேக்குறது?"

அந்த மனுவில் நான் கையெழுத்துப் போடவே இல்லை. நல்ல கேஸ் வீணாய்ப் போச்சே என்று வக்கீலம்மாவுக்கு இன்னும் வருத்தம். அந்த ஷரத்து செல்லாது என்று யாராவது ஒருவர் மதுரை வரை போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அந்த ஒருவர் நானாக இருக்க முடியாது.

அன்று கேட்டருகே ஏதேதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன்.

"பொறாமைதான்" என்றேன் கடைசியில்.

அவள் நம்பவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்வேன் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.