வார்னிஷ் வாடை

குறுவைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த வயல் மோட்டார் ஒன்று திருட்டுப் போனதும், போலீஸ் நேராக ரெமிஜியஸின் மோட்டார் ரிப்பேர்ப் பட்டறைக்குத்தான் போனது. துபாயிலிருந்து குடிப்பழக்கத்தோடு திரும்பி வந்த காலத்தில், செப்புக் கம்பிக் காயில் கட்டக் கொடுத்த மோட்டாரை விற்றுக் குடித்தவன் அவன். அவனைத் தூக்கிவர அந்தப் பழைய கேஸ் ஒன்றே அவர்களுக்குப் போதும்.

ஸ்டேஷனுக்கு விழுந்தடித்து ஓடிவந்த மனைவி ஜெனிட்டாவிடம், "மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சுட்டான். நாத்தம் அடிக்குது பாரு," என்றார் எஸ்.ஐ.

"அது காயிலுக்குப் பூசுற வார்னிஷ் சார். அவர் குடிக்கல."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

சொன்னதுதான். அன்றைக்கு அது பச்சைப் பொய்.

குடியை விட்டதிலிருந்து, சாயங்காலம் செருப்பைக் கழற்றுமுன் ரெமிஜியஸ் அவள் முகத்தில் ஊதிக் காட்ட வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். இன்று அவன் இன்னும் ஊதவில்லை. அவள் பெஞ்சில் இருந்தவனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுங்க சார். குடிச்சிருந்தா உள்ள போடுங்க, நான் கேக்க மாட்டேன். குடிக்கலைன்னா அவர் எதுக்குத் திருடப் போறார்? விட்டுடணும்."

ரத்தத்தில் சாராயம் துளிகூட இல்லை. திருட்டுக்கும் வேறு சாட்சி இல்லை.

"போ. அடுத்த மோட்டார் காணாமப் போனாலும் உன்னைத்தான் தூக்குவேன்," என்றார் எஸ்.ஐ.

வீட்டு வாசலில் ரெமிஜியஸ் வழக்கம்போல நின்று, அவள் முகத்தருகே குனிந்து வாயைத் திறந்தான்.

ஜெனிட்டா விலகி வழிவிட்டாள்.

"நான் என்ன போலீஸா? உள்ள வாங்க."