காலியாக ஓடிய முதல் வண்டி

டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் பயணம் செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கழுகு. டிக்கெட் பரிசோதகராக அவள் பின்படியில் ஏறினால், முன்படியில் நாலு பேர் இறங்கி ஓடுவார்கள். அந்தக் கழுகைத்தான் போக்குவரத்துக் கழகம் நாற்பது வயதுக்கு மேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. பொதுப் போக்குவரத்து மேலாண்மையில் மாலை நேரப் படிப்பு. முடித்தால் திட்டப் பிரிவில் அதிகாரி.

கணவருக்கு வெளியூரில் வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். "எப்படிக்கா முடியும்?" என்று அவள் இழுத்தபோது, பக்கத்துத் தெருவிலிருந்த அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"நீ போய்ப் படிடி. அடுப்பு எங்கயும் ஓடிடாது, நான் பாத்துக்கிறேன்."

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. விடியும் முன்பே கிளம்பிப் போவாள். சாயங்காலம் நேராகத் தங்கை வீட்டுக்கு வந்து உலை வைப்பாள். வகுப்பு முடிந்து வந்தால் தட்டில் சாப்பாடு மூடியிருக்கும். இரண்டு வருடமும் இப்படித்தான் ஓடியது.

வகுப்பில் பாதிப் பேர் அவள் மகன் வயதுக்காரர்கள். முதலில் கூச்சத்தில் கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்தவளுக்குப் போகப் போகப் படிப்பு பிடிபட்டது. வீணாக ஓடும் வண்டிகளைக் கண்டுபிடிப்பதுதான் கடைசி ஆய்வு. டிக்கெட் மெஷின் கணக்கை அலசி, தன் பகுதியிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் முதல் வண்டி ஏறக்குறைய காலியாகவே ஓடுகிறது என்று எழுதினாள். அந்த வண்டியில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. அவளுடைய டூட்டி அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் தொடங்கும். பேராசிரியர் மெச்சினார். ஆய்வைக் கேட்க வந்திருந்த போக்குவரத்துக் கழக மேனேஜருக்கும் பிடித்துப்போனது. அடுத்த மாதமே அந்த வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் அக்கா சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் வீங்கியிருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"முதல் வண்டியை நிறுத்திட்டாங்கடி. மெயின் ரோடு வரைக்கும் நடந்து போய்த்தான் பஸ் பிடிக்கிறேன். எந்தப் புண்ணியவான் வேலையோ!"

அவள் எழுதி நிறுத்த வைத்த வண்டி அது. இத்தனை நாள் அக்கா கையால் சாப்பிட்டவள், எந்த வண்டியில் வேலைக்குப் போகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே! வெந்நீர் வைத்துக் கொடுத்தாளே தவிர, அது தன் ஆய்வால் வந்தது என்று சொல்லவில்லை.

பட்டம் கொடுத்த அன்று அக்காவும் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "காலியா ஓடின முதல் வண்டியை நிறுத்தச் சொன்னது இவங்க ஆய்வுதான்" என்று அவளைக் கைகாட்டினார். மேடையிலிருந்த அவள் தலை தானாகக் குனிந்தது. அரங்கம் கைதட்டியது. ஓரக்கண்ணால் பார்த்தாள். அக்காவும் தட்டிக்கொண்டிருந்தாள், எல்லோரையும்விடச் சத்தமாக.

வீடு திரும்பும் வழியில், பிள்ளைகள் முன்னால் நடக்க, அவள் அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா... எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சா செஞ்சிருப்பியா?"

"ஆனா, அன்னைக்கு நீ கால் வலியோட சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

அக்கா கையை உதறாமல் நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலையிலேயே மேனேஜர் அறைக்குப் போய், முதல் வண்டியைத் திரும்ப விடச் சொன்னாள். "நீங்க எழுதினதுதானே மேடம்?" என்று அவர் சிரித்தார்.

"அரைகுறையா எழுதிட்டேன் சார். அதுல போறவங்களுக்கு வேற வண்டி கிடையாது. அதை நான் விசாரிக்கவே இல்ல."

உடனே நடந்துவிடவில்லை. திட்டப் பிரிவில் சேர்ந்த பிறகும் கேட்டாள், மறுபடி எழுதினாள், அலையாய் அலைந்தாள். அக்கா நடந்துகொண்டே இருந்தாள். மழைக்காலம் வந்து போன பிறகுதான் வண்டி திரும்ப வந்தது.

முதல் நாள் அவளும் அக்காவோடு ஏறினாள். உள்ளே துப்புரவு வேலைக்காரப் பெண்கள், ஒரு காவலாளி, ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி. எல்லோருக்கும் அக்காவைத் தெரிந்திருந்தது.

"இதாரு தெரியுமா? என் தங்கச்சி! இவதான் மேல சொல்லி வண்டியைத் திரும்ப விட வெச்சா" என்றாள் அக்கா, பஸ்ஸுக்கே கேட்கும்படி.

ஆயா எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். "நல்லா இருப்பே தாயி. இதை நிறுத்தினவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"விடுங்கக்கா, யாரோ யோசிக்காம பண்ணிட்டாங்க" என்று அக்கா பேச்சை மாற்றினாள்.

ஆயா தன் இடத்தில் அவளை உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. ஆஸ்பத்திரி வரும்வரை கம்பியைப் பிடித்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல், நின்றுகொண்டே போனாள்.