சீட்டு வசூல்காரன் வீட்டுக் கணக்கு

சீட்டு வசூலுக்குப் போகிறவனைப் பார்த்தால் கட்டிப்போட்ட மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் சேலத்தில் ஒரு ஏலச்சீட்டு முதலாளியிடம் குமாஸ்தாவாக இருந்தவன். மாதாமாதம் பலரும் பணம் கட்டுவார்கள். சேர்ந்த தொகையில் யார் அதிகம் தள்ளிக்கொடுக்கச் சம்மதிக்கிறாரோ அவருக்கு அந்த மாதச் சீட்டு. தள்ளிய பணம் மற்றவர்களுக்குப் பங்கு. முதலாளி எங்களுக்கு வைத்த சட்டங்கள் இரண்டு. குமாஸ்தாக்கள் சீட்டுச் சேரக் கூடாது. புருஷன் சேர்ந்ததைப் பெண்சாதியிடமும், பெண்சாதி சேர்ந்ததைப் புருஷனிடமும் மூச்சு விடக் கூடாது. சம்பளம் வாங்கிய மறுவாரமே கடன் கொடுக்க ஆள் தேடும் அன்பர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது.

இளம்பிள்ளையில் ஓர் உபதேசம்

இளம்பிள்ளையில் ஒரு நெசவாளி வீடு. முன்வாசலில் அவரைக் கேட்டால் பணம் அவளிடம் இருக்கிறது என்பார். கொல்லைப்புறம் சுற்றிப் போய் அந்த அம்மாளைக் கேட்டால் அவரிடம்தான் என்பாள். அந்த வீட்டைச் சுற்றிய சுற்றுக்கு ஒரு கோயிலைச் சுற்றியிருந்தால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் இருவரையும் கூப்பிட்டு வைத்து, புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து உட்கார்ந்து வரவு செலவு போட வேண்டும் என்று பிரசங்கமே செய்துவிட்டேன். நெசவாளி தறியை விட்டு எழுந்திருக்காமலே, உங்கள் சம்பளம் எவ்வளவு என்று உங்கள் வீட்டுக்காரிக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். நான் வாங்கிய சம்பளம் வேறு, வீட்டில் சொன்ன சம்பளம் வேறு. தெரியும் என்று சொல்லிவிட்டு அவசரமாகக் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினேன். பின்னாலிருந்து அந்த அம்மாள் சொன்னாள்: "வெயிலு இந்தப் பக்கமுங்க சாமி. கொடையத் திருப்பிப் புடிச்சுக்கிட்டுப் போங்க."

பருத்திக்கொட்டைக் குவியல்

அயோத்தியாப்பட்டணத்துக்கு அருகில் ஒரு விவசாயி. மனைவிக்குத் தெரியாமல் மாட்டுக்கு வைத்திருந்த பருத்திக்கொட்டைக் குவியலுக்குள் ரூபாய்களைப் புதைத்து வைப்பார். அது குறைந்துகொண்டே வருகிறது, எலி இழுத்துப் போகிறது என்று என்னிடம் அழுதார். மனைவியைக் கேட்க வழியில்லை. கேட்டால் புதைத்ததைச் சொல்ல வேண்டும். அதனால் ஒரு பூனை வாங்கினார்.

அவர் மனைவியும் எங்களிடம் ஒரு சீட்டுக் கட்டிவந்தாள். அவள் கொடுக்கும் ரூபாயில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் முதலாளியின் சட்டத்தை நினைத்து, பஞ்சைத் துடைத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வேன். கடைசியில் அவள் சீட்டை எடுத்து ஒரு கறவை மாடு வாங்கியபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. ஆத்தூர் ரோட்டில் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்: "என் பணத்தை எனக்கே தெரியாம நான் கட்டியிருக்கேன், அது போகட்டும். அந்தப் பூனைக்கு ஊத்தின பால் காசை நீங்க குடுத்துடுங்க."

காலைக் காப்பி

இந்த லட்சணத்தில் என் வீட்டில் காலைக் காப்பி நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது. குடித்தால் காப்பியா, கழுநீரா என்று சந்தேகம் வரும். தெருவே பார்க்கும்படி பால்காரரோடு சண்டை பிடித்தேன். அவர் செம்பை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நான் ஊத்துறது பாலுதானுங்க. உள்ளே போன பொறகு ஊத்துறதுக்கு நான் பொறுப்பில்லீங்க."

ஏலம்

நாங்கள் சேலத்திலேயே குகை என்ற பேட்டையில் வாடகைக்குக் குடியிருந்தோம். ஆனி மாதத்தில் வீட்டுக்காரர் வந்து, ஒரு வருஷ வாடகையை முன்பணமாகக் கொடுத்தால் இருக்கலாம், இல்லையேல் காலி செய்ய வேண்டும் என்றார். என் மனைவி பாவாயி அப்போது நிறைமாதம். அந்த நிலையில் வீடு மாற்ற யாரும் ஒப்பமாட்டார்கள். மாறிப் போனாலும் பிள்ளைத்தாய்ச்சிக்கு வீடு கொடுப்பவர் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது. சைக்கிள் வாங்கும் ஆசையில், சட்டத்தை மீறி, காதர் என்ற தையற்காரர் பெயரில் ஒரு சீட்டுச் சேர்ந்திருந்தேன். ஏலத்தன்று காதரை எதிரே உட்கார வைத்தேன். நான் மூக்கைத் தடவினால் அவர் ஏற்றிக் கேட்க வேண்டும். வராத ஒருவருக்காக என் கூட்டாளி குமாஸ்தா மாரிமுத்து எதிர்த்துக் கேட்டார். அவர் ஏற்ற ஏற்ற நான் மூக்கைத் தடவினேன். ஜலதோஷமா என்று முதலாளியே விசாரித்தார். கடைசியில் மாரிமுத்து கைவிட்டார். நான் ஜெயித்தேன், ஆனால் தள்ளியது போகக் கைக்கு வந்தது முன்பணத்துக்குப் போதாது.

வீட்டுக்கு வந்தால் பாவாயி அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். அவளும் எனக்குத் தெரியாமல் மாரிமுத்து மூலம் அதே சீட்டில் சேர்ந்திருந்தாளாம். வீட்டு முன்பணத்துக்காக அதை இன்று எடுத்துத் தரச் சொல்லியிருந்தாளாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எவனோ ஒரு கிறுக்கன் விடாம ஏத்திக் கேட்டு எடுத்துட்டானாமுங்க. அவனைக் கேக்கறதுக்கு அவன் ஊட்ல ஒரு பொம்பளை இல்லீங்களா?"

புளியங்கொட்டை

அந்தக் கிறுக்கன் நான்தான் என்று சொன்னேன். அவள் எழுந்துபோய் ஒரு முறம் புளியங்கொட்டை கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ரூபாய்க்கு ஒரு கொட்டை. முதலில் என் மெய்யான சம்பளத்தை எடுத்து வைத்தேன். அரிசிக்கு, விறகுக்கு, வாடகைக்கு என்று பிரித்தோம். ஆபீசுச் செலவு என்று நான் தள்ளிவைத்ததை அவள் முகர்ந்து பார்த்து, ஓட்டல் நெய் வாசம் வருகிறது என்றாள். அவள் பங்குக்கு, பாலைப் பாதியாகக் குறைத்துத் தண்ணீர் கலந்து சீட்டுக் கட்டியதை ஒப்புக்கொண்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சுப் பாரம் இறங்கியதாகவும் இருந்தது. கல்யாணமானதிலிருந்து நாங்கள் அவ்வளவு நேரம் பேசியதில்லை. ஓட்டலை நிறுத்தினால் மீதி முன்பணத்தை எந்தெந்த மாதத்தில் அடைக்கலாம் என்று முறத்திலேயே தெரிந்தது.

மறுநாள் இருவருமாக வீட்டுக்காரரிடம் போனோம். இருந்த பணத்தைக் கொடுத்து, மீதிக்குத் தவணை சொன்னோம். அவர் பாவாயியை உள்ளே தம் மனைவியிடம் அனுப்பி, என்னை வாசலில் வைத்து, தவணையைத் தனித்தனியே இன்னொரு முறை கேட்டார். பிறகு பணத்தை மடியில் கட்டிக்கொண்டு சொன்னார்: "இத்தனை வருசத்துல நீங்க ரெண்டு பேரும் ஒரே தொகையச் சொல்றது இன்னைக்குத்தானுங்க. இருந்துக்குங்க, பிரசவம் இங்கயே ஆகட்டும்."

வரவு செலவைச் சேர்ந்து போட்டால் வீட்டில் பணம் பெருகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஏலத்தில் எதிர்த்துக் கேட்கிறவர்களில் ஓர் ஆள் கட்டாயம் குறையும்.