அச்சாரமும் அச்சுவெல்லமும்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது நான் ஒரு வீட்டை விற்றேன். முன்கட்டு, பின்கட்டு, கிணறு, மாட்டுக் கொட்டகை, இரண்டு தென்னை மரம் எல்லாம் சேர்ந்த ஓட்டு வீடு. தரகுப் பணம் எதுவும் வாங்கவில்லை. கன்னத்தில் ஓர் அறை மட்டும் கிடைத்தது.

போன மாதம் என் பேரன் திருச்சியில் அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்தான். பார்த்தான் என்றால் போனில் பார்த்தான். டோக்கன் அட்வான்ஸ் என்று கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு, முடிந்தது என்றான். மழை பெய்யும்போது ஒரு தடவை போய் நின்று பார்த்தாயா, குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். "அதெல்லாம் பில்டர் பாத்துக்குவாரு அப்பத்தா" என்றான். விற்கிறவன் பார்த்துக்கொள்வான் என்று வாங்குகிறவன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அவன் போனபிறகு நான் விற்ற வீடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அது கீரமங்கலத்தில் இருந்தது. தாத்தா கட்டிய வீடு. அவர் காலமானபிறகு அப்பாவும் பெரியப்பாவும் அதை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார்கள். அப்பாவுக்குப் புதுக்கோட்டையில் ஓர் ஆபீசில் பியூன் வேலை. அம்மாவும் நானும் அதுவரை தாத்தா வீட்டில்தான் இருந்தோம், விற்றதும் அப்பாவோடு போய்விடுவதாக ஏற்பாடு. பெரியப்பாவுக்கு அறந்தாங்கியில் பலசரக்குக் கடை. இரண்டு பேருக்கும் வீடு வேண்டாம், வீட்டின் விலைதான் வேண்டும். அந்த வீடே வேண்டும் என்று இருந்த ஒரே ஆள் என் அத்தை.

அத்தை அவர்கள் இருவருக்கும் மூத்தவள். கட்டிக்கொடுத்த மூன்றாம் வருஷமே மாமா போய்ச் சேர்ந்ததால் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். தாத்தாவைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டியது அவள். ஒவ்வொரு மழைக்கும் ஓடு மாற்ற ஆள் பிடித்தது அவள். கிணற்றில் தூர் வாரும்போது கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றது அவள். ஆனாலும் பெண்ணுக்குப் பங்கு என்ற பேச்சு எங்கள் தெருவில் அப்போது யார் வாயிலிருந்தும் வராது. அவளை என்ன செய்வது என்பதையும் தம்பிகளே பேசி முடித்திருந்தார்கள்.

"ஆறு மாசம் அறந்தாங்கி, ஆறு மாசம் புதுக்கோட்டை. சரிதானேக்கா?" என்றார் பெரியப்பா.

"சரிதாம்ப்பா. லீப்பு வருசம் வந்தா அந்த ஒரு நாளு எங்கிட்டுப் போறது? பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கவா?" என்றாள் அத்தை.

பெரியப்பா சிரித்தார். அவள் கேலி பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விற்கப்போகிற வீட்டைப் பெரியப்பா சிங்காரித்த அழகை இன்றைக்கும் மறக்க முடியாது. தாத்தா இருந்த காலத்தில் ஒரு சட்டி சுண்ணாம்புக்குக் காசு தராதவர், ஒரே வாரத்தில் வீடு முழுக்க வெள்ளையடித்தார். கூடத்துச் சுவரில் இருந்த விரிசல்மேல் முருகன் படம் போட்ட காலண்டரை மாட்டினார். மழைக்கு ஒழுகும் மூலையில் நெல் மூட்டையை அடுக்கினார். அன்று முதல் எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் காலண்டரைத் தூக்கிப் பார்ப்பேன். தூக்குகிறவளைப் பார்த்து வீட்டுக்காரர் முகம் மாறினால் விலையில் கொஞ்சம் குறைக்கலாம்.

ஆலங்குடியிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி வந்து பார்த்தார். கனத்த உடம்பு, சாதுவான பேச்சு. அவர் வந்த இரண்டு தடவையும் அத்தை கூடவே நடந்தாள். "காலண்டருக்குப் பின்னாடி ஒரு வெடிப்பு இருக்குங்க, பாத்துக்கங்க. சித்திரையில கெணறு வத்திப்போகும். மேற்குச் சொவரு பொதுச்சொவரு, பக்கத்து வீட்டுக்காரரு மூக்கச் சிந்துனாக்கூட இங்கிட்டுக் கேக்கும்" என்று ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னாள். பெரியப்பா அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தார்.

வியாபாரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "அதனால ஒண்ணும் இல்லீங்க. எல்லாத்தையும் இடிச்சுட்டு கிட்டங்கி போடப்போறேன். தேங்கா அடுக்க எடம் இருந்தாப் போதும்" என்றார்.

அத்தை அத்தோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். இடிக்கப்போகிறவரிடம் விரிசலைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

அந்த வீட்டை இன்னொருவரும் கேட்டிருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். எனக்கு இரண்டாம் வகுப்பு எடுத்தவரும் அவர்தான். அவருடைய வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாடகை வீட்டில் தனியாக இருந்த டீச்சருக்கு, பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரிய மனுஷி தேவைப்பட்டது. வீடு எனக்குக் கிடைத்தால் பின்கட்டில் நீங்கள் கடைசிவரை இருக்கலாம், மாடும் இருக்கட்டும் என்று அத்தையிடம் சொல்லியிருந்தார். ஆனால் வியாபாரி சொன்ன விலையைவிட டீச்சர் சொன்னது ஐந்நூறு ரூபாய் குறைவு. அந்தக் காலத்து ஐந்நூறு. பெரியப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை காலையில் வியாபாரி அச்சாரம் கொண்டுவருவார் என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

அச்சாரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. வெற்றிலை பாக்கோடு தட்டில் கொஞ்சம் முன்பணம் வைத்து வாங்குகிறவர் கொடுப்பார், விற்கிற வீட்டார் கையில் வாங்குவார்கள், வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது, பத்திரம் பதிவதற்கு முன்பே வீடு அவருடையது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அச்சுவெல்லம். பரண்மேல் ஒரு தகர டப்பாவில் பூட்டி வைத்திருப்பாள் அத்தை. சாவி அவள் இடுப்பில் இருக்கும். அச்சாரமும் அந்த வகையறாவில் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு அவளிடமே கேட்டேன்.

"அத்தே, அச்சாரம் இனிக்குமா?"

சாணி தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வாங்குறவுகளுக்கு இனிக்கும்டி" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்பது மணி பஸ்ஸில் வியாபாரி வரவேண்டும். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். ஒன்பதரை ஆகியும் ஆளைக் காணோம். பெரியப்பா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

"அவுக பெரிய மனுசரு. பஸ்ஸ விட்டு எறங்கி, போறவன் வாரவன்கிட்ட வழி கேட்டுக்கிட்டா வரணும்? ரெண்டு பேரும் போயி மரியாதையா கூட்டிக்கிட்டு வாங்கப்பா" என்றாள் அத்தை.

நியாயமாகத்தான் பட்டது. அப்பாவும் பெரியப்பாவும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அந்த மனிதர் அதற்குமுன் இரண்டு தடவை எங்கள் வீட்டுக்குத் தானாக வந்துபோனவர் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அம்மாவுக்கு அடுப்படியில் வடை சுடும் வேலை. எனக்கு அத்தை தலைவாரி, பூ வைத்து, பாவாடையைச் சரிசெய்து வாசல்படியில் உட்காரவைத்தாள். "யாரு வந்தாலும் வாங்கன்னு சொல்லணும். யாரு எதக் குடுத்தாலும் எந்திரிச்சு ரெண்டு கையாலயும் வாங்கணும். தெரிஞ்சுதா?" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற சேலைதான். கையில் ஒரு பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், மடித்த நோட்டு. எல்லாவற்றுக்கும் மேலே தலையில் கிரீடம் வைத்த மாதிரி ஓர் அச்சுவெல்லம்.

"வீட்ல யாரும்மா இருக்கா?"

"நாந்தான் டீச்சர் இருக்கேன்."

"அப்ப நீதான் வாங்கிக்கணும். இந்தா, வீட்டுக்கு அச்சாரம். எந்திரிச்சு வாங்கு."

டீச்சர் எழுந்திரு என்றால் எழுந்து பழகிய கால்கள். இரண்டு கையாலும் வாங்கினேன். டீச்சர் என் நெற்றியில் குங்குமம் வைத்தார். எதிர்வீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர்களுக்குக் கேட்கிற மாதிரி டீச்சர், "வாரேன்த்தா, வீட்டப் பத்திரமாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். நான் வெல்லத்தைக் கடித்தேன்.

அப்பாவும் பெரியப்பாவும் வியாபாரியை நடுவில் விட்டு மாப்பிள்ளை அழைத்து வருவதுபோல வந்தபோது என் வாய் நிறைய வெல்லம். மடியில் தட்டு.

"இது யாரு குடுத்தது?" என்றார் அப்பா.

"டீச்சர்."

"நீ எதுக்கு வாங்குன?"

"அச்சாரம்னு குடுத்தாகப்பா."

அறை விழுந்தது. வெல்லம் ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குப் போனது. துப்பவில்லை.

"சின்னப்புள்ள வாங்குனது செல்லாதுங்க. தட்ட இப்பயே திருப்பிக் குடுத்துருவோம்" என்று பெரியப்பா வியாபாரியிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

வியாபாரி என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா, பொம்பளப்புள்ள வாசல்ல நின்னு வாங்கியிருக்கு. ஊரே பாத்துருக்கு. பாதியத் தின்னுப்புடுச்சு. எதத் திருப்பிக் குடுப்பீக?" என்றார். "வேணாங்க. நாளைக்கி என் கிட்டங்கில ஒரு தேங்கா அழுகுனாலும் இந்தப் புள்ள மொகந்தான் எனக்கு ஞாபகத்துக்கு வரும். ஒருத்தர் அச்சாரம் குடுத்த எடத்துல நான் கைய வைக்கமாட்டேன்."

வந்ததற்கு நான்கு வடை சாப்பிட்டார். வடை நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதற்குப்பிறகுதான் அத்தை கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள். முழங்கைவரை சாணி. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். "அடிப் பாதகத்தி! ஒரு துண்டு வெல்லத்துக்கு என் தம்பிமாரு சொத்த வித்துப்புட்டியேடி! ஐநூறு ரூவாய முழுங்கிட்டு நிக்கிறாளே! இவள இன்னிக்கி என்ன செய்றேன் பாரு!" அப்பா அடித்ததில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. கடைசியில் பெரியப்பாவே, "விடுக்கா, சின்னப்புள்ள, அதுக்கு என்ன தெரியும்" என்று அவளைச் சமாதானப்படுத்தவேண்டியதாயிற்று.

அடுத்த மாதமே டீச்சருக்குப் பத்திரம் பதிந்தார்கள். அத்தை பின்கட்டிலேயே இருந்தாள். தான் வளர்த்த கன்றின் கன்றையும், அதன் கன்றையும் அங்கேயே வளர்த்தாள். டீச்சரின் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போனபிறகும், கால் நீட்டும்வரை, அந்த வீட்டை விட்டு ஒரு நாள்கூட அவள் வெளியே தங்கியதில்லை.

எனக்கோ சொந்தத்தில் பெயரே மாறிப்போனது. வெல்லத்துக்கு வீட்டை விற்றவள். கல்யாணப் பந்தலில்கூட என் மாமியாரிடம், சர்க்கரைப் பானையைப் பூட்டி வையுங்கள் என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். என் நாக்குதான் அப்பாவுக்கு நஷ்டம் உண்டாக்கியது என்று நானும் பல வருஷம் உறுத்தலோடு இருந்தேன்.

நான் வாழ்க்கைப்பட்டது குன்றாண்டார்கோவில் பக்கம். அங்கே என் மாமனார் ஒரு மனை வாங்கினார். அச்சாரத் தட்டைத் தயார் செய்யும் வேலை எனக்கு. எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, "வெல்லம் எங்க மாமா?" என்று கேட்டேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "அச்சாரத் தட்டுல வெல்லம் வைக்கிற வழக்கம் ஒங்க ஊர்ல மட்டுந்தானாம்மா?" என்றார் மாமனார்.

எந்த ஊரிலும் இல்லை. டீச்சருக்கு அந்த வெல்லம் எந்த டப்பாவிலிருந்து போயிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தை ஏன் தன் கையால் அந்தத் தட்டை வாங்கவில்லை என்பதும். பூவும் பொட்டும் இல்லாதவள் கையில் யாரும் அச்சாரம் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தாலும் தம்பிமார் செல்லாது என்பார்கள். என் கையில் கொடுத்தால் செல்லும். அந்தக் கை சும்மா இருக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை, வியாபாரி போய் வீடு கொஞ்சம் அடங்கியபிறகு அத்தை என்னை மாட்டுக் கொட்டகைக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இங்கேயும் அடிதான் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், மாட்டுக்குப் பின்னால் வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு தோளும் குலுங்கின. என்னைப் பார்த்ததும் இன்னும் அதிகமாகக் குலுங்கின.

வீடு போன துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். எல்லாம் என்னால்தானே என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நானும் சேர்ந்து அழுதேன்.