வளராத கன்று

எங்கள் பெரியப்பா ஒரு பெரிய மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். சிங்கப்பூரில் ‘பெரிய’ என்றால், இந்த வேலியில் நின்று கூப்பிட்டால் அந்த வேலியில் நிற்பவர் “என்னா?” என்று ஒரு தடவையாவது திருப்பிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். லிம் சூ காங் பக்கம், ஊர் முடிந்து கடல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. அங்கிருந்து தேக்கா கடைகளுக்கும் கோயில்களுக்கும் தினமும் பால் போனது. லாபம் மட்டும் திரும்பி வரவில்லை. இந்த வருடமும் இப்படியே போனால் இழுத்து மூடிவிடுவதாகப் பெரியப்பா சொல்லிவிட்டார்.

அப்போதுதான் சித்தப்பா வந்து சேர்ந்தார். நகரத்தில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, நொடித்துப்போகும் கம்பெனிகளுக்கு யோசனை சொல்வது அவர் உத்தியோகம். அதற்கு முன் மாட்டைப் பால் பாக்கெட்டின் மேல்தான் பார்த்திருப்பார். வந்த அன்றே, சாணியில் பதிந்த சப்பாத்தை உதறிக்கொண்டே ஒரு விதி போட்டார்.

“தீனியத் தின்னுட்டுப் பால் குடுக்காத எதுவும் இங்க நிக்கக் கூடாது, அண்ணே.”

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறைக்குப் போய், மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்தேன். பால் குடித்தேனே தவிரக் கொடுத்ததில்லை. அன்று மதியம் இரண்டாம் தடவை சோறு கேட்காமல் எழுந்துவிட்டேன்.

அவருடைய அடுத்த யோசனைதான் பண்ணையைத் தூக்கி நிறுத்தியது. புது வீட்டில் பசுவும் கன்றும் முதலில் காலடி வைத்தால்தான் நம்மவர்களுக்கு நிம்மதி. “பாலை வித்தா சில்லறை. பசுவைக் காட்டினா நோட்டு” என்றார் சித்தப்பா. தரைவீடென்றால் சிக்கல் இல்லை, பசு நேராக நடந்து போய்விடும். ஆனால் ஊரில் முக்கால்வாசிப் பேர் இருப்பது அடுக்குமாடியில். லிஃப்டுக்குள் பசுவை எப்படி ஏற்றுவது? அதற்கும் வழி சொன்னார். பசு, கட்டடத்துக்கு அடியில் திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கில் நின்று பூஜையை ஏற்றுக்கொள்ளும். கன்று மட்டும் மேலே போய்விட்டு வரும்.

பெரியப்பா தயங்கினார். “சனங்க ஒத்துக்குவாங்களாடா?”

“கன்னுக்குட்டின்னா யாருண்ணே? பசுவோட கிளை ஆபீஸ்தானே!”

சனங்கள் ஒத்துக்கொண்டார்கள். பசுவாக லட்சுமி தேர்வானாள். பண்ணையிலேயே குறைவாகக் கறந்தவள் அவள்தான். சித்தப்பாவின் விதிப்படி முதலில் வெளியேற வேண்டியவள், மேளச் சத்தத்துக்கு மிரளாத குணத்தால் தப்பினாள். கன்றாக ஒரு பொடிக் காளைக் கன்று. அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை, மணி, முதுகில் பட்டுத்துணி எல்லாம் சாத்திய பிறகு வெளியே தெரிவது நான்கு குளம்பும் ஒரு மூக்கும்தான்.

லிஃப்டில் அதோடு போக இடத்தை அடைக்காத ஓர் ஆள் வேண்டும். எங்கள் வகுப்பிலேயே நான்தான் குட்டை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் உயரம் ஒரு தகுதியானது. இடுப்பில் நிற்காத பட்டு வேட்டியும் கையில் பால் புட்டியுமாக வேலையில் சேர்ந்தேன். பள்ளியில் எனக்கு வைத்திருந்த ‘குள்ளன்’ என்ற பட்டத்தைக் கன்றுக்குக் கொடுத்துவிட்டேன். பட்டம் கைமாறினால் நம்மை விட்டுவிடும் என்று ஒரு நப்பாசை.

ஆங் மோ கியோவில் ஒரு வீடு. லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்று, காய்கறிப் பையோடு ஒரு சீன ஆன்ட்டி ஏறினார்.

“வாஹ், சோ கியூட்! டாக் ஆ?”

“நோ ஆன்ட்டி. கவ்.”

“வை சோ ஸ்மால்?”

“ஹி டோன்ட் க்ரோ லா, ஆன்ட்டி.”

அவர் கன்றைப் பார்த்தார். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அந்தப் பயணம் சீக்கிரமே முடிந்துவிட்டது. “யூ ஆல்சோ ஆ?” என்றார், நிஜமான அனுதாபத்தோடு.

ஆன்ட்டியிடம் நான் பொய் சொல்லவில்லை. விடுமுறை முடிந்து, சனி ஞாயிறுகளில் போய்வந்து, அடுத்த விடுமுறையும் வந்துவிட்டது. குள்ளன் அதே உயரத்தில்தான் இருந்தான். வளராதது மட்டுமல்ல, ஞாபகமும் போதாது. சில வாரங்களுக்கு ஒருமுறை லிஃப்டைக் கண்டதும் புதிதாக மிரண்டு காலை ஊன்றிக்கொள்வான். “போன வாரம்தானேடா ஏறினே?” என்று திட்டிவிட்டு, பால் புட்டியைக் காட்டி முதலிலிருந்து பாடம் நடத்துவேன். கணக்கில் என் ஆசிரியை பட்ட பாடு அப்போது புரிந்தது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஏன் பெரியப்பா, இவன் வளரவே மாட்டேங்கிறான்?”

பெரியப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பாதான் பதில் சொன்னார். “லிஃப்ட் வேலைடா அவனுக்கு. வளந்தா வேலை போயிடும்.”

பெரியப்பா சிரிக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குள் போய்விட்டார். எனக்கோ அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. வளர்வதற்காக விளையாட்டுத் திடல் கம்பியில் தினமும் தொங்கச் சொல்லியிருந்தார் அப்பா. அன்றோடு தொங்குவதை நிறுத்தினேன். எனக்கும் அதே வேலைதானே.

பண்ணையை மூடவில்லை. சித்தப்பாவைக் குடும்பமே கொண்டாடியது. காளைக் கன்று என்றைக்கும் பால் தராது என்பது எனக்குத் தெரியும். சித்தப்பாவின் முதல் விதி மனப்பாடம். அவ்வப்போது காலையில் வாசலுக்கு ஒரு லாரி வந்து போவதையும் பார்த்திருக்கிறேன். இவற்றையெல்லாம் கூட்டத்தான் தெரியவில்லை. கணக்கில் நான் சுமார் என்று முன்பே சொன்னேன்.

லட்சுமிக்குத் தெரிந்திருந்தது. லிஃப்டுக்குக் குள்ளன் புதிதாக மிரளும் நாள்களில் எல்லாம், கீழே கொண்டுவந்து விட்டதும் அவள் அவனைக் குனிந்து முகர்ந்து பார்ப்பாள். ஒரு கணம் நிற்பாள். பிறகு தலையால் முட்டித் தள்ளிவிட்டு, லிஃப்ட் இருக்கும் பக்கம் திரும்பி நீளமாகக் கத்துவாள். பிள்ளை குட்டையாக இருப்பதில் தாய்க்கு வருகிற கோபம் எங்கள் வீட்டிலும் உண்டு என்பதால், நான் அவள் கழுத்தைத் தடவி, எங்கள் இருவர் சார்பிலும் சமாதானம் சொல்வேன்:

“வளந்துடுவான் லட்சுமி. கொஞ்சம் பொறு.”