தேக்குத் தூணை அறுத்த நாள்

தொண்ணூறுகளில், உக்கடம் பக்கம் ஒரு பழைய தெருவின் வீடுகளை இடிக்காமல் புதுப்பிக்கும் வேலையில் நான் இன்ஜினியர். ஒரு மாடி வீட்டின் கீழே கடைக்காக வாசலை அகலப்படுத்த வேண்டியிருந்தது. குறுக்கே நின்ற தேக்குத் தூண் வெறும் அழகுக்குத்தான் என்று நினைத்து, முட்டுக்கூடக் கொடுக்காமல் அறுக்கச் சொன்னேன்.

தூண் விலகியதும் உத்திரம் முனகியது. தலையில் சுண்ணாம்பு கொட்டியது.

"ஏனுங்க, தரை இறங்குதுங்க!" மாடியில் குடியிருந்த அம்மா அலறினார். அவர் இறங்கிவரும் படிக்கட்டும் அந்த உத்திரத்தின் கீழேதான் இருந்தது.

முதலில் தெருவுக்கு ஓடியது நான்தான்.

அலறல் கேட்டு, தெருமுனைப் பட்டறையின் லாரி மெக்கானிக் ஜாக்கியோடு என்னைத் தாண்டி உள்ளே ஓடினார். உத்திரத்தின் அடியில் உட்கார்ந்து, ஜாக்கியின் மேல் அறுத்த தூணையே நிறுத்தி மெல்ல மெல்ல ஏற்றினார். முனகல் நின்றது.

அந்த அம்மா இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க ஓடுனதப் பாத்தனுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க ஓடிப்போயி இவரக் கூட்டியாராட்டி நான் செத்திருப்பனுங்க."

மெக்கானிக் என்னை ஒருமுறை பார்த்தார். "ஆமாங்க, அவருதான் வந்து கூப்பிட்டாருங்க" என்றார்.

பிறகு இரும்புப் பட்டை போட்டு இணைத்த அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. அந்தத் தெருவில் நடக்க எனக்கு இன்னும் பயம். வீடு விழுந்துவிடும் என்றல்ல. அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிடுவாரே என்றுதான்.