தேதி எழுதாத செல்

ஊரார் ஸ்பீக்கரையெல்லாம் பேச வைக்கிறவருக்கு வீட்டுக்கு வந்தால் ஒரு சத்தமும் ஆகாது. கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் 'சவுண்டு அண்ணன்'. காலையிலிருந்து ஒரே பாட்டை முப்பது தடவை போட்டுச் சோதித்த காது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது நொந்து நூலாகியிருக்கும்.

அவரிடம் வருகிறவற்றில் பாதிக்கு மேல் "சார்ஜ் நிக்கலைண்ணே" என்று வருபவைதான். பிரித்து, செத்த பேட்டரி செல்களை எடுத்துத் தகர டப்பாவில் போட்டு, புது ஜோடி பொருத்தி, மார்க்கர் பேனாவால் அதன் முதுகில் தேதி எழுதி மூடுவார். ஒரு வருஷத்துக்குள் படுத்துவிட்டால் வாயைத் திறக்காமல் மாற்றிக் கொடுப்பார். தேதி எழுதாத செல் அவர் கையைவிட்டுப் போனதே இல்லை, ஒரே ஒரு ஜோடியைத் தவிர. அது அவருடைய மாமனாரின் ஸ்பீக்கரில் இருந்தது.

மாமனார் முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கண் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். மகள் கைபேசியில் யாராவது வாசித்துப் பதிந்த கதைகளை இறக்கிக் கொடுப்பாள். அவர் ஸ்பீக்கரில் கேட்பார். சும்மா கேட்டால் பரவாயில்லை. வாசிக்கிற பெண் ஒரு சொல்லைத் தடுக்கி உச்சரித்தால் போதும், "தப்பு! ழகரம் போச்சு!" என்று கூடமே அதிரக் கத்துவார். கண் போனாலும் தொழில் போகுமா? அந்த மத்தியான நேரத்தில் பக்கத்து அறையில் மருமகன் அரைமணி நேரத் தூக்கத்துக்காகப் புரண்டுகொண்டிருப்பார்.

வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். சொன்னால் மனைவி முகம் தூக்குவாள் என்ற பயம் வேறு. ஒருநாள் தூசி தட்டித் தருகிறேன் என்று ஸ்பீக்கரைக் கடைக்கு எடுத்துப் போனார். நல்ல செல்களைக் கழற்றிவிட்டு, தகர டப்பாவிலிருந்து சாகக் கிடந்த ஜோடி ஒன்றை எடுத்துப் பொருத்தினார். பேனாவை எடுத்த கை அப்படியே நின்றது. எழுதாமல் மூடினார்.

அதற்குப் பிறகு ஸ்பீக்கர் ஒரு மணி நேரம்தான் பாடியது. கதை பாதியில் நின்றுபோகும். சார்ஜில் போட்டுக்கொண்டே கேட்டால் பேட்டரி வீணாகும் என்று மருமகனே முன்பு சொல்லியிருந்ததால், கிழவர் அந்தப் பக்கமே போகவில்லை. வீடு அமைதியானது. சவுண்டு அண்ணன் நன்றாகத் தூங்கினார், முதல் வாரம்.

அடுத்த வாரம் தையல்காரர் வந்தார், மாமனாரின் கூட்டாளி. அறைக்குள் படுத்திருந்த மருமகன் காதில் எல்லாம் விழுந்தது.

"என்னய்யா, வீட்டுலயே மெக்கானிக்கை வச்சுக்கிட்டு ஸ்பீக்கர் ஒரு மணி நேரத்துல படுத்துடுதா?"

"அவரைச் சொல்லாதே. அவர் கை பட்டா ரெண்டு வருஷம் நிக்கும். நான்தான் ஒருநாள் சார்ஜ்ல போட்டுட்டு மறந்து தூங்கிட்டேன். எங்க தொழில்ல பிழை வந்தா முதல்ல நம்மளைத்தான் சந்தேகப்படணும்."

"கேட்டா சரிபண்ணித் தர மாட்டாரா?"

"நாள் பூரா ஊருக்கு உழைச்சுட்டு வர்றார். நம்ம வீட்டுலயும் வேலை வைக்கணுமா?"

அந்த 'நம்ம வீடு' சவுண்டு அண்ணனின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. அன்று அவர் தூங்கவில்லை. சாயங்காலமே ஸ்பீக்கரைக் கடைக்குக் கொண்டுபோய், இருப்பதிலேயே உசத்தியான ஜோடியைப் போட்டு, தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதினார். செய்த பாவத்தைத் திருகாணி போட்டு மூடிவிடலாம் என்று நினைத்தார் பாவம்.

"சரியாயிடுச்சு மாமா. இனிமே பத்து மணி நேரம் பாடும்."

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை. இந்தத் தடவை கெடுக்காம பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். ஒரு மணி நேரம் ஆனதும் கதையின் நடுவிலேயே தடவிப் பார்த்து அணைத்துவிடுவார். மறுநாளும் அப்படியே. சார்ஜ் நிறைய இருக்கிறது என்று சொன்னாலும், "இருக்கட்டும், மிச்சம் பிடிக்கிறேன்" என்பார். நான்காம் நாள், அவர் விரல் பொத்தானைத் தேடிப் போகிறபோது சவுண்டு அண்ணனுக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மாமா, அது உங்களால கெடலை. நான்தான் நல்ல செல்லைக் கழட்டிட்டு, தூக்கிப்போட வேண்டியதைப் போட்டேன். மத்தியானம் சத்தம் தாங்கலை. அதான்..."

கிழவர் பொத்தானைத் தேடிய விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை," என்றார். பிறகு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "உங்க வீட்டுல எந்த நேரம் போடலாம், எப்ப நிறுத்தணும்னு சொல்லிடுங்க. அதுபடி கேட்டுக்கிறேன்."

சவுண்டு அண்ணன் கையை நீட்டி ஒலியைக் கூட்டினார். கதை கூடம் முழுக்க ஓடியது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் வாசிக்கிற பெண் ஒரு ழகரத்தைக் கொலை செய்தாள். சவுண்டு அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மாமனார் திருத்தவில்லை.